ரோடு முடிகிற இடத்துக்குக் கீழே அரசு வீடு: பேஸ்மென்ட்டோடு நிற்கிறது, யாரிடம் போவது?

ஜீப்_கோத்தகிரி:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஜீப் ஓட்டுகிறேன். ரேஷன் அரிசி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் கேஸ், தேயிலை மூட்டை, எல்லாம் ஏற்றுவேன். எஸ்டேட் ரோடு முடிகிற இடம்வரைதான் வண்டி போகும். அதற்குக் கீழே இருளர், குறும்பர் ஊர்கள், ஒற்றையடிப் பாதை, நடுவில் ஒரு ஓடை. ஊர்ப் பெயரைப் போடாதே என்று அங்கே இருக்கிறவர்களே சொன்னதால் போடவில்லை.

அந்த ஊரில் சில குடும்பங்களுக்கு, பண்டைய பழங்குடிகளுக்கு என்று மத்திய அரசு கொண்டு வந்த ஜன்மன் திட்டத்தில் வீடு சாங்ஷன் ஆகி வொர்க் ஆர்டரும் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான், நமக்கும் லோடு கிடைக்குமே. ஆனால் நடந்தது என்னவென்றால், ஜல்லியும் எம்-சாண்டும் காரமடைப் பக்கம் இருந்து லாரியில் மலை ஏறி, கோத்தகிரியில் இறங்கி, அங்கிருந்து என் ஜீப்பில் எஸ்டேட் ரோட்டுக் கடைசிக்கு வந்து, அப்புறம் சாக்கில் அள்ளித் தலையில்தான் கீழே போக வேண்டும். ஹாலோ பிளாக்கை ஆளுக்கு ஒன்றாகத் தோளில் வைத்து இறக்கினார்கள், ஓடையில் வழுக்கி விழுந்து உடைந்தது போக மிச்சம்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் பாதை முழுக்கச் சேறு. ரோட்டோரம் தார்ப்பாய் போட்டு வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகளில் அடி வரிசை ஈரம் ஏறிக் கல்லாகிவிட்டது.

இப்போது பேஸ்மென்ட் முடிந்து, நாலு மூலையிலும் கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கம்பியில் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று பழைய மண்வீட்டை முதலிலேயே இடித்தாகிவிட்டது. பக்கத்தில் தார்ப்பாய்க்குள் குடும்பம், கைக்குழந்தையோடு. வேலை எடுத்த மேஸ்திரி இந்தப் பணத்துக்குக் கட்டுப்படியாகாது, மேலே கொடுத்தால்தான் வருவேன் என்கிறார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது, சுமைக்கூலி எனக்கே தெரியும், சிமெண்ட் மூட்டையின் விலையையே தொட்டுவிடும் போலிருக்கிறது.

இன்னொன்று. ஒரு வீடு என்று கணக்கெடுத்த இடத்தில் அப்பா அம்மா, கல்யாணமான இரண்டு மகன்கள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆர்டர் அப்பா பெயரில் ஒன்றே ஒன்று. மகன்கள் போய்க் கேட்டால் "உங்கள் வீட்டுக்குத்தான் வந்துவிட்டதே" என்கிறார்களாம்.

சுமைக்கூலியை யார் தர வேண்டும்? மகன்களுக்குத் தனி வீடு கேட்க வழி உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரசியல் வேண்டாம், வேலை நடந்தால் போதும்.

பழைய_ஓவர்சியர்:

தம்பி, நான் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவன். மலையிலும் வேலை பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். இது காண்ட்ராக்ட் வேலையே கிடையாது. காகிதத்தில் இது பயனாளி தானே கட்டிக்கொள்கிற வீடு. பணம் அவர் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், முடிவு என்று நிலை நிலையாக. அந்த மேஸ்திரிக்கும் அரசாங்கத்துக்கும் எழுத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை, அதனால் அவர் நின்றுபோனால் ஆபீஸில் யாரும் அவரைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். கஷ்டம் முழுக்க வீட்டுக்காரர் தலையில். இது நல்ல எண்ணத்தில் வந்த விதிதான், காண்ட்ராக்டர் தின்றுவிடக் கூடாது என்று. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, காரமடைக்கு லாரி பேசப் போக முடியாத ஒரு குறும்பர் பெரியவர் எப்படித் தானே கட்டிக்கொள்வார்? அங்கேதான் மேஸ்திரி உள்ளே வருகிறார்.

பணக் கணக்கு இது. மத்திய அரசுக் கணக்கில் ஜன்மன் வீடு ஒன்றுக்கு 2.39 லட்சம். அதில் 2 லட்சம் நேரடி உதவி, 12,000 கழிப்பறைக்கு, மீதி நூறு நாள் வேலையில் அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய கூலி. இதற்கு மேல் தமிழ்நாடு அரசு தன் பணத்தையும் சேர்க்கிறது, அதனால் ஆர்டரில் இருக்கும் மொத்தத் தொகை பெரிதாக இருக்கும், அதை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார். சிமெண்டும் கம்பியும் குடோனில் இருந்து கொடுத்திருந்தால் அந்த விலையைத் தொகையில் கழித்திருப்பார்கள், மேஸ்திரி அதை மறைத்துக் கணக்கு சொல்கிறாரா என்றும் பார்.

உன் கேள்விக்கு வருகிறேன். டெண்டர் விட்டுச் செய்கிற வேலையாக இருந்தால், ஒரு சின்னத் தடுப்புச்சுவர் என்றாலும், எஸ்டிமேட்டில் நாங்கள் லீட் போடுவோம். லாரி போகிற தூரம் எவ்வளவு, அதற்கப்புறம் தலைச்சுமை எவ்வளவு, தனித்தனி ரேட். பயனாளி வீட்டுக்கு லீட் கிடையாது. ரோட்டு மேலே இருக்கிற வீட்டுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்கும் ஒரே தொகை. சாதாரண பிரதமர் வீட்டுத் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கு 1.30 லட்சம். மலை என்பதற்காக டெல்லி பார்க்கிற வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். அது ஜல்லி லாரிக்கே பற்றாது.

ஆக, வீட்டுத் தொகையில் சுமைக்கூலி கேட்டால் கிடைக்காது. பாதையைக் கேள். பாதை வேறு தலைப்பு, வேறு பணம். ஜன்மனிலேயே ரோட்டுக்கு என்று தனிப் பங்கு உண்டு, நாடு முழுக்க 8,000 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். வனத்துறை மறித்தால் 2006 வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது: ரோடு, குடிநீர்க் குழாய், அங்கன்வாடி மாதிரி 13 வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைக் கிராம சபைப் பரிந்துரையோடு கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. ஜீப் போகிற மண்பாதைக்கு இது தாராளமாகப் போதும்.

மகன்கள் விஷயம்: தனி ரேஷன் கார்டு இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை எடுக்கச் சொல். கார்டு பிரியாமல் குடும்பம் பிரிந்ததாக எந்த ஆபீஸும் ஒத்துக்கொள்ளாது.

தேவாலா_மழை:

ஓவர்சியர் ஐயா சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஜீப் அண்ணா, உங்கள் ஊரில் ஆர்டராவது கையில் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் பக்கம் வந்து பாருங்கள், ஆர்டர் போடவே நிலம் யாருடையது என்ற கேள்வியில் நிற்கிறோம்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே நிலம் பூராவும் ஒரு காலத்தில் ஜென்மி என்கிற பெரிய நிலக்கிழாரின் நிலம். 1969ல் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் போட்டார்கள். அதில் 17ஆம் பிரிவில் வருகிற நிலம் இன்றைக்கும் தீராத வழக்கு. பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்ட் வாங்குவது ஒரு போராட்டம், வீடு வாங்குவது இன்னொரு போராட்டம். கலைஞர் கனவு இல்லத்தில் 3.5 லட்சம், 360 சதுர அடி என்று பேப்பரில் படித்துவிட்டு எங்கள் பணியர் பெண்கள் கேட்க வருவார்கள். சொந்த இடத்துக்குப் பட்டா எங்கே என்ற முதல் கேள்வியிலேயே திரும்பிப் போவார்கள். இத்தனைக்கும் அவர்கள் தாத்தா பாட்டி புதைந்த இடமும் அதே மண்தான்.

வன உரிமைப் பட்டா இருந்தால் வீடு கொடுக்கலாம். அந்தப் பட்டாவை விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் போகும், கணவன் மனைவி இருவர் பெயரிலும் வரும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழ்நாட்டில் கோர்ட் உத்தரவு ஒன்றால் 2016 வரைக்கும் பட்டா கையில் கொடுக்கவே முடியாமல் கிடந்தது. மற்ற மாநிலங்களில் எட்டு வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தத் தாமதம் எங்கள் வீட்டு லிஸ்டில் இன்னும் தெரிகிறது.

அப்புறம் வீடு கிடைத்தவர்கள் கதை. 2011க்கு அப்புறம் வந்த பசுமை வீடு, அதற்கு முந்தைய தொகுப்பு வீடு எல்லாம் இங்கே நிறைய. எங்கள் பக்கம் ஒரு காட்டுநாயக்கர் ஊரில் நல்ல கான்கிரீட் வீடு, ஜன்னல் கதவு எல்லாம் இருக்கிறது, ஆனால் சமையல் பூராவும் வெளியே மூங்கில் தட்டியில் இறக்கின சாய்ப்பில்தான். உள்ளே அடுப்பு மூட்டினால் புகை வெளியே போக வழியில்லை. ஆனி ஆடியில் தேவாலா மழையைத் தெரியும் அல்லவா, வாரக் கணக்கில் விடாது. கான்கிரீட் அடியில் சொட்டுச் சொட்டாக வியர்த்து, பாய் ஈரம், துணி ஈரம், சுவர் ஓரமெல்லாம் பச்சைப் பாசி. ஓலை, புல் கூரையில் அடுப்புப் புகை ஏறி ஏறி வீடு காய்ந்து கிடக்கும், பூச்சியும் அண்டாது. இதை வரைபடம் போடுகிற என்ஜினியர் ஒரு ராத்திரி அங்கே படுத்துப் பார்த்தால் புரிந்துகொள்வார்.

யானை இன்னொன்று. அரிசியும் உப்பும் வாசனை பிடித்து வந்து சமையல் பக்கத்துச் சுவரைத்தான் தள்ளும். ஹாலோ பிளாக் சுவர் அதற்கு அப்பளம். சுவர் விழுந்தால் உள்ளே தூங்குகிறவர்கள் மேல் விழும். தட்டிச் சுவர் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கிழித்துக்கொண்டு ஓடலாம் என்று ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நியாயமான_கேள்வி:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரோடே இல்லாத இடத்தில் லட்சக் கணக்கில் செலவழித்து வீடு எதற்கு? அத்தனை பேரையும் ரோட்டோரம் கொண்டு வந்து, நாலு வரிசை காலனி கட்டிக் கொடுத்தால் பள்ளி, ஆஸ்பத்திரி, எல்லாமே பக்கத்தில். அரசாங்கத்துக்கும் செலவு மிச்சம்.

தேவாலா_மழை:

கோபமெல்லாம் இல்லை, இந்த யோசனையை நடத்தியே பார்த்தாயிற்று. முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்த ஊர்களைக் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று பேசி வெளியே கொண்டு வந்தார்கள். நிலம் வைத்திருந்தவர்கள், படித்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் பலருக்குப் பணம் புரோக்கர் கையில் கரைந்து, கொடுத்த நிலத்திலும் குறை. தேன், கிழங்கு, விறகு, கும்பிடுகிற சாமி எல்லாம் உள்ளே, ஆள் மட்டும் வெளியே. விருப்பப்பட்டு வருகிறவர்களைக் கூட்டி வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ரோடு போட மனமில்லாமல் ஆளை நகர்த்தாதீர்கள்.

தவிர, ரோட்டோரம் நிலம் எங்கே இருக்கிறது நீலகிரியில்? இருந்தால் ரிசார்ட்காரர் விட்டு வைத்திருப்பாரா?

தாண்டிக்குடி_காப்பி:

பழனி மலையில் இருந்து எழுதுகிறேன். கீழ்மலையில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், பளியர்கள் அறுவடைக்கு வருவார்கள், அப்பா காலத்துப் பழக்கம்.

உங்கள் பேச்சில் ஜன்மன் ஜன்மன் என்று வருகிறதே, எங்கள் பக்கம் அது கிடையவே கிடையாது. தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பேர்தான் பண்டைய பழங்குடி லிஸ்டில், ஆறு பேருமே நீலகிரியில் இருக்கிறார்கள். பளியர் பழங்குடிப் பட்டியலில் உண்டு, அந்த ஆறில் இல்லை. புலையரோ பழங்குடிப் பட்டியலிலேயே இல்லை, இங்கே எஸ்.சி.யில் வைத்திருக்கிறார்கள். எல்லாமே மலை, ஒரே மாதிரி குடிசை, அதே ஓடைத் தண்ணீர், ஆனால் எந்தப் பட்டியலில் பெயர் என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது. 2024 அக்டோபர் 2ல் ஜார்க்கண்டில் தர்தி ஆபா என்று ஒரு பெரிய திட்டம் ஆரம்பித்தார்கள், அதில் 20 லட்சம் வீடு, எல்லாப் பழங்குடிக்கும் உண்டு என்றார்கள். பளியர் ஊர் ஏதாவது அந்த லிஸ்டில் இருக்கிறதா என்று ஊராட்சியில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

சுமை விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானல் பக்கம் வெள்ளகவி, பெரியகுளம் மேலே சின்னூர் பெரியூர், இதெல்லாம் தலைமுறை தலைமுறையாக மோட்டார் ரோடு பார்க்காத ஊர்கள். அங்கே காப்பி, எலுமிச்சை கீழே போவதும் அரிசி, சிமெண்ட் மேலே வருவதும் குதிரை முதுகில்தான். ஒரு மட்டக்குதிரை பக்கத்துக்கு ஒரு மூட்டை என்று இரண்டு மூட்டை தூக்கும், ஜல்லியை அரை அரை சாக்காகக் கட்ட வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் சரிந்துவிடும். எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வீடு கட்டும்போது கம்பியை முழு நீளத்தில் கொண்டு வர முடியாமல் இரண்டாக மடித்து இழுத்து வந்தார்கள், நிமிர்த்தின இடத்தில் எல்லாம் அது பலம் இழந்துவிடும் என்று மேஸ்திரிக்கும் தெரியும், வேறு வழி?

அதனால்தான் கேட்கிறேன், ஓவர்சியர் ஐயா, சிமெண்டும் ஹாலோ பிளாக்கும் எதற்கு? அங்கேயே இருக்கிற மண்ணை அழுத்திக் கல்லாக்கலாம். மேலே மரச் சட்டமும் ஓடும். ஓடு உடைந்தால் ஒன்றை மாற்றிக்கொள்ளலாம், புகையும் சந்து வழியே போய்விடும். சுமையும் பாதிக்குப் பாதி குறையும். பிரதமர் வீட்டுத் திட்டத்தில் உள்ளூர்ப் பொருள், உள்ளூர் வடிவம் இருக்கலாம் என்றுதானே எழுதியிருக்கிறது?

பழைய_ஓவர்சியர்:

எழுதியிருக்கிறது, மறுக்கவில்லை. சமையல் இடத்தோடு சேர்த்து 25 சதுர மீட்டர் இருக்க வேண்டும், கெட்டியான வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அங்கே கேட்கிறார்கள். ஆனால் மாநிலத்தில் ஒரு டைப் டிசைன் வைத்துக்கொண்டு கான்கிரீட் கூரை என்று பழகிவிட்டோம். கீழே இருக்கிற என்ஜினியர் மண்கல்லுக்குக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மழையில் ஒரு சுவர் சரிந்தால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள், அந்தக் காட்சியைப் பார்த்தவன் மண்சுவர் என்றாலே பயப்படுவான். பயத்துக்கும் டிசைனுக்கும் சம்பந்தமில்லை, சரிவில் வெட்டின இடம் சரியில்லை என்றால் கான்கிரீட்டும் போகும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஊர்ச் சனங்களே கான்கிரீட் கேட்கிறார்கள். ஊர்க் கூட்டத்தில் ஓட்டு வீடு என்று பேச்செடுத்தால், "உங்கள் வீடு மட்டும் கான்கிரீட், எங்களுக்கு ஓடா?" என்பார்கள். என்ன பதில் சொல்ல முடியும்?

குன்னூர்_இப்போது_நுனாவுட்:

இந்தத் திரியை ஒரு நண்பர் அனுப்பினார். நான் குன்னூர்க்காரன், கனடாவின் வடக்கு மூலையில் நுனாவுட்டில் ஒயரிங் வேலை பார்க்கிறேன், எல்லாமே அரசு கட்டுகிற வீடுகள்தான். நீங்கள் பேசுகிற ஒவ்வொன்றையும் இங்கே ஐஸ் மேலே பார்க்கிறேன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1999ல் தனிப் பிரதேசமாகப் பிரிந்தது இது. 25 ஊர், மொத்தம் 37,000 பேருக்குக் கொஞ்சம் குறைவு, பெரும்பாலும் இனுயிட் மக்கள். ஒரு ஊரில் இருந்து அடுத்த ஊருக்கு ரோடு என்பதே இல்லை. கடல் உருகியிருக்கிற கோடை மாதங்களில் கப்பல் வரும், அதில் வந்தால்தான் பலகை, கண்ணாடி, கம்பி, பெயின்ட், எல்லாம். கப்பலில் ஒரு சாமான் விட்டுப்போனால் விமானத்தில் வரவழைக்க வேண்டும், அல்லது அடுத்த வருஷம். நிலம் அடியில் எப்போதும் உறைந்து கிடக்கும், வீட்டுச் சூடு பட்டால் உருகி இறங்கிவிடும், அதனால் வீட்டைத் தூண் மேல் தூக்கி வைப்பார்கள். பெரும்பாலான ஊர்களில் குழாயே கிடையாது, தண்ணீர் லாரியில் வரும், கழிவையும் லாரிதான் எடுத்துப் போகும்.

இங்கேயும் அரசு ஒரு காலத்தில், 1960 வாக்கில், தீப்பெட்டி வீடு என்று பெயர் வாங்கின சின்னச் சின்ன வீடுகளை இறக்கிவிட்டுப் போயிற்று. அப்புறம் 1993ல் மத்திய அரசு புது சமூக வீடுகளுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியது. பிள்ளைகள் பெருகினார்கள், வீடு பெருகவில்லை. இப்போது விழித்துக்கொண்டு, 2030க்குள் 3,000 வீடு என்று 2022ல் நுனாவுட் அரசு திட்டம் அறிவித்தது. அதே வருஷ பட்ஜெட்டில் மத்திய அரசு இனுயிட் பகுதிகளின் வீடுகளுக்கு ஏழு வருஷத்துக்கு 84.5 கோடி டாலர் ஒதுக்கியது. சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள், இன்றைக்கும் கனடாவின் இனுயிட் பகுதிகளில் பாதிப் பேர் நெருக்கடியான வீட்டில்தான் இருக்கிறார்கள். ஹாலில் முறை வைத்துத் தூங்குகிற குடும்பங்களை ஒயர் இழுக்கப் போகும்போது நேரில் பார்க்கிறேன்.

ஆனால் ஜீப் அண்ணா கேட்ட இரண்டு விஷயத்திலும் இவர்கள் கணக்கு வேறு. ஒன்று, கப்பல் கூலி வீட்டுச் செலவுக்கு உள்ளேயே இருக்கிறது. தெற்கே ஒரு வீட்டுக்கு இவ்வளவு, அதே தொகையில் வடக்கிலும் கட்டு என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் ஒரு ஆணிகூட வந்து சேராது. வீட்டுக்கு வேண்டிய அத்தனை சாமானும் ஒரே கட்டாக முன்கூட்டியே ஆர்டராகிவிடும். இரண்டாவது, வீடு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் எண்ணுவதில்லை. உள்ளே எத்தனை பேர், படுக்கையறை எத்தனை, பெரிய ரிப்பேர் இருக்கிறதா, வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போகிறதா என்று பார்ப்பார்கள். ஒரு தம்பதிக்கு ஓர் அறை, ஐந்து வயதுக்கு மேல் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒரே அறையில் கூடாது, இப்படி அளவுகோல் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரியவர் வீட்டை இந்தக் கணக்கில் எழுதினால் ஒரு வீடு தேவை என்று வராது, மூன்று என்று வரும். நம்மூர் சர்வேயில் கூரை குடிசையா ஓடா என்ற கேள்விக்குத்தான் மரியாதை.

ஜீப் அண்ணா சொன்ன மேஸ்திரி மாதிரி, வேலைக்கு ஆள் கிடைக்காத பிரச்சினையும் உண்டு. இங்கேயும் ஆசாரி, பிளம்பர், என்னை மாதிரி ஒயர்மேன் எல்லாரும் தெற்கில் இருந்து விமானத்தில் வருகிறவர்கள். வேலை முடிந்து நாங்கள் போன பிறகு ஒரு ஹீட்டர் நின்றால் பார்க்க உள்ளூரில் ஆள் குறைவு. உங்கள் பக்கம் அந்த ஊர்ப் பையன்கள் நாலு பேர் கொத்து வேலை கற்றுக்கொண்டால் மேஸ்திரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஜீப்_கோத்தகிரி:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

ஆர்டரை வாங்கிப் படித்தேன். ஓவர்சியர் ஐயா சொன்ன மாதிரி மாநில அரசுப் பணமும் சேர்ந்து தொகை பெரிதாகத்தான் இருக்கிறது. மேஸ்திரி அவர்களிடம் சொன்னது மத்திய அரசுத் தொகையை மட்டும். பாஸ்புக் எங்கே என்று கேட்டேன், அது அவரிடம் இருக்கிறதாம், ஏ.டி.எம். கார்டும் சேர்த்து. பேஸ்மென்ட் பில் ஏறினதா, எடுத்தாரா என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

நூறு நாள் கூலி விஷயமும் கேட்டேன். அவர்கள் வீட்டையே அவர்கள் தோளில் சுமந்து இறக்கினார்கள், ஆனால் அந்த நாட்களுக்கு அட்டையில் ஒரு என்ட்ரியும் இல்லை. மகன்கள் இரண்டு பேருக்கும் தனி ரேஷன் கார்டு இல்லை, எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய_ஓவர்சியர்:

அப்படியென்றால் வரிசை இப்படி வைத்துக்கொள். நாளைக்கே வீட்டுக்காரரை பேங்குக்குக் கூட்டிப்போய்க் கார்டை பிளாக் பண்ணிவிட்டு, புது பாஸ்புக்குக்கு எழுதிக் கொடுத்து, ஸ்டேட்மென்ட் வாங்கு. மேஸ்திரியோடு சண்டைக்குப் போகாதே, ஸ்டேட்மென்ட் கையில் இருந்தால் அவராகவே பேச வருவார். நூறு நாள் கூலி அவர்கள் உரிமை, மலைப்பகுதிக்கு வீட்டுக்கு 95 நாள் வரை உண்டு, வீட்டு ஐ.டி. எண்ணைப் போட்டு மஸ்டர் ரோல், அதாவது வேலை செய்த நாட்களின் வருகைப் பதிவு, கேட்கச் சொல், ஒன்றியத்தில் அந்தக் கணினி ஆளுக்கு இது தெரியும்.

மனு தனித்தனியாக எழுதாதே. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஆர்டர் வாங்கின அத்தனை குடும்பமும் ஒன்றாகப் போங்கள், ஊரக வளர்ச்சித் திட்ட இயக்குநருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மனுவில் சுமைக்கூலி என்று எழுதினால் விதியில் இடமில்லை என்று திரும்பி வரும். "எஸ்டேட் ரோட்டு முடிவில் இருந்து ஊர் வரை ஜீப் பாதை, ஓடையில் ஒரு கல்வெர்ட்" என்று எழுது, 3(2) பிரிவையும் போடு, கிராம சபைத் தீர்மானத்தை இணை. தீர்மானத்தில் ஊரில் உள்ள தம்பதிகள் எத்தனை, வீடு எத்தனை என்று ஒரு அட்டவணையும் சேர்த்துவிடு, அந்தக் கனடாத் தம்பி சொன்ன கணக்கு மாதிரி.

ஜீப் பாதை வெட்ட ஜே.சி.பி. என்று வாயே திறக்காதே, நீலகிரியில் அதற்கு அனுமதி வாங்குவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆள் வைத்து வெட்டுகிற வேலையாகக் கேட்டால் நூறு நாள் வேலையிலேயே போட்டுக் கூலியும் அவர்களுக்கே வரும்.

தாண்டிக்குடி_காப்பி:

தம்பி, பாதை வருகிற வரைக்கும் அந்தத் தார்ப்பாய்க் குடும்பம்? மேஸ்திரி இல்லாமலே கூரைக்கு ஒரு வழி செய்யலாம். பேஸ்மென்ட் மேல் நாலு பக்கம் மரக் கால் நட்டு தகரம் இறக்கிவிடுங்கள், தகரம் தலைச்சுமைக்கு லேசு, வீடு கட்டும்போது கழற்றிச் சமையல் சாய்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம். எங்கள் தோட்டத்தில் பழைய தகரம் கிடக்கிறது, நல்ல நிலையில்தான் இருக்கிறது. வத்தலக்குண்டு வரை நான் இறக்கிக் கொடுக்கிறேன், அங்கிருந்து கோத்தகிரிக்கு லோடு வண்டி ஏதாவது வருமா பாருங்கள்.

ஜீப்_கோத்தகிரி:

மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிக்கு உங்கள் பக்கத்து வண்டிகள் வருமே அண்ணா, அதில் ஏற்றிவிட்டால் மண்டியில் இருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். தகரம் எத்தனை அடி நீளம் என்று மட்டும் சொல்லுங்கள், ஓடைக்கு மேலே ஒரு வளைவு இருக்கிறது, பத்தடிக்கு மேல் போனால் திருப்ப முடியாது.